ஒரு முறை எழுதினால் போதும்

அன்புள்ள வாசகருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், ஒரே ஆர்டரின் விவரங்களைத் திரும்பத் திரும்ப ஐந்து இடங்களில் அடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர், பையரின் போர்ட்டல், சான்றிதழ் நிறுவனத்தின் தளம், சாயப்பட்டறை ரசாயனங்களுக்கு ஒரு தளம், ஜி.எஸ்.டி. தளம். நூலின் நம்பர், துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), லாட் எண், எடை எல்லாம் அதே விவரங்கள்தாம்; கேட்கிற பெட்டிகள்தாம் வேறு. இதற்கெல்லாம் பொதுவாக ஒரு முறையே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறை இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவை ஏன் உங்கள் மேசைவரை வந்து சேரவில்லை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். தகவல் பரிமாற்றத் தரம் என்றாலே அது கம்ப்யூட்டர்காரர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இது நியாயத்தைப் பற்றிய விஷயமாகப் படுகிறது. பொது முறை இல்லாத சந்தையில் பலமுள்ளவர் தன் முறையை அடுத்தவர்மேல் ஏற்றிவிடுகிறார். அவர் அதைத் தனக்குக் கீழே உள்ளவர்மேல் ஏற்றுகிறார். கடைசியில் அது ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து எக்செல் நிரப்புகிற ஒருவரின் தலையில் வந்து நிற்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு டி-ஷர்ட் உருவாகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். எண்கள் அதில் எங்கே தொலைகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். ஜின்னிங்கில் பஞ்சு பேலாகிறது. பேலுக்கு ஓர் எண். நூற்பாலையில் பல பேல்களைச் சேர்த்துக் கலக்கிறார்கள். வெளியே வருகிற கோன்களுக்குப் புது லாட் எண். நிட்டிங்கில் கோன்கள் ரோல்களாகின்றன. அங்கே ரோல் எண். சாயப்பட்டறையில் பல ரோல்கள் ஒரே இயந்திரத்தில் சேர்ந்து ஒரு சாய லாட்டாகின்றன. காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வந்தால் ரோல் மறைந்து பண்டில் பிறக்கிறது. பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் தாண்டி அட்டைப்பெட்டி ஆகும்போது கையில் இருப்பது ஸ்டைல் நம்பரும் பி.ஓ. நம்பரும் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எண் மாறுகிறது, அளக்கும் அலகு மாறுகிறது, பெரும்பாலும் இடத்தின் உரிமையாளரும் மாறுகிறார். திருப்பூரின் பலமே இந்த ஜாப் ஒர்க் அமைப்புதான். ஒரு கூரைக்குள் முடியாத வேலையை ஒரு ஊரே பகிர்ந்துகொண்டு செய்கிறது. ஆனால் பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அதைப் பற்றிய தகவல் அறுந்துபோகிறது.

எண் தொடர்ந்து வந்தால்கூட, அதன் பொருளும் கூடவே வந்தாக வேண்டும். நம் ஊரில் முப்பதாம் நம்பர் நூல் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட கண்டுகள் எத்தனை என்று எண்ணுகிற பழைய ஆங்கிலேயக் கணக்கு அது. சர்வதேசத் தரமான டெக்ஸ் முறையில் ஒரு கிலோமீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்கிறார்கள். அதில் இதே நூல் ஏறக்குறைய 19.7. நம் கணக்கில் எண் கூடினால் நூல் மெலிது. டெக்ஸில் எண் கூடினால் நூல் தடிமன். 'நூல் எண்' என்று பெயரிட்ட வெறும் பெட்டியில் 20 என்று ஒருவர் எழுதினால், எந்த முறை என்று குறிப்பிடாதவரை அந்த 20க்கு அர்த்தமே இல்லை. ஜி.எஸ்.எம். 180 என்றாலும் அப்படித்தான்: கிரே துணியிலா, ஃபினிஷ் ஆன துணியிலா? எந்தப் பெட்டியில் எது வரவேண்டும், எந்த அலகில், எந்த நிலையில் அளந்தது என்று எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வதற்குத்தான் தரம் என்று பெயர்.

இப்படி ஒத்துக்கொண்ட தரங்கள் சில ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கின்றன. சிக்கல் இல்லாமல் ஓடுவதால் அவை கண்ணில் படுவதில்லை. டி-ஷர்ட்டுக்கு 6109 என்று நீங்கள் எழுதும் எச்.எஸ். கோடு 1988 ஜனவரி 1 முதல் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட வகைப்பாடு. அதன் முதல் ஆறு இலக்கங்களை உலகின் எந்த சுங்க அலுவலகமும் படித்துப் புரிந்துகொள்ளும். கட்டிங் மாஸ்டரின் கம்ப்யூட்டருக்கு வரும் பேட்டர்ன் கோப்பு இன்னொன்று. பேட்டர்ன் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போடுபவை. ஆனாலும் அமெரிக்க ஆடைத் தொழில் சங்கத்தின் பெயரால் 'ஆமா' வடிவம் என்று வழங்கும் பொதுக் கோப்பு முறை இருப்பதால், ஒன்றில் வரைந்ததை மற்றொன்றில் திறக்க முடிகிறது. யாரும் பேட்டர்னை மறுபடி வரைவதில்லை. பேட்டர்னுக்கு முடிந்தது லாட் எண்ணுக்கு ஏன் முடியவில்லை? விடை இந்தத் தரங்களின் வரலாற்றில் இருக்கிறது.

1980களின் அமெரிக்காவுக்குப் போவோம். ஆசியாவிலிருந்து வரும் மலிவான ஆடைகளோடு போட்டியிட முடியாமல் அங்குள்ள ஆலைகள் திணறிக்கொண்டிருந்த நேரம். கர்ட் சால்மன் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் தொழிலை ஆராய்ந்து ஒரு கணக்கைச் சொன்னது: இழையாக இருக்கும் பொருள் ஆடையாகி வாடிக்கையாளர் கைக்குப் போய்ச்சேர 66 வாரம் ஆகிறது, அதில் 40 வாரம் அது கிடங்கிலோ வண்டியிலோ சும்மா கிடக்கிறது. நூற்பதோ தைப்பதோ அல்ல, காத்திருப்பதுதான் காலத்தைத் தின்றது. கடையில் என்ன விற்றது என்பது ஆலைக்குத் தெரியாது. ஆலையிலிருந்து என்ன கிளம்பியது என்பது கடைக்குத் தெரியாது. இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து 'குயிக் ரெஸ்பான்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. ஆடைக் கம்பெனிகளும் சில்லறைக் கடைகளும் சேர்ந்து 1986இல் விக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கி, பார்கோடுக்கும் மின்னணு ஆர்டருக்கும் பொது விதிகளை வகுத்தன.

அந்த மின்னணு ஆர்டருக்கான மொழி 'எக்ஸ் 12' என்ற அமெரிக்கத் தரம். அதில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு: 850 என்றால் பர்ச்சேஸ் ஆர்டர், 856 என்றால் சரக்கு கிளம்பிவிட்டது என்ற முன்னறிவிப்பு, 810 என்றால் இன்வாய்ஸ். ஐக்கிய நாடுகள் சபை இதே வேலைக்கு உலகப் பொதுவாக 'எடிஃபாக்ட்' என்ற தரத்தை உருவாக்கியது. 1987இல் அது ஐ.எஸ்.ஓ. தரமும் ஆயிற்று. பல பையர்கள் பெட்டிமேல் ஒட்டச் சொல்லும் 18 இலக்க எண் கொண்ட லேபிள் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்தது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை பீஸ் என்று கிடங்கில் தெரிந்துவிடும்.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய சாதனை அது. ஆனால் அந்த ஏற்பாடு எங்கே நின்றுவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும். கடையிலிருந்து ஆடைத் தொழிற்சாலையின் வாசல்வரை தகவல் ஒழுங்காக ஓடியது. வாசலுக்கு அந்தப் பக்கம், சாயம், நிட்டிங், நூல், பஞ்சு என்று போகும் பாதையில் காகிதமும் தொலைபேசியும்தான். லாபமும் அதிகாரமும் கடையிடம் இருந்தன. தனக்குத் தேவையான இடம்வரை கடை பாதை போட்டுக்கொண்டது. செலவும் பெரும்பாலும் சப்ளையர் தலையில்தான் விழுந்தது. சேர விரும்புகிறவர் சாஃப்ட்வேரும் இணைப்பும் வாங்க வேண்டும், வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும். பத்து மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க்காரர் அதில் எப்படிச் சேர்வார்?

நம்மைப் போன்ற சிறு பட்டறைகளை மனத்தில் வைத்து யோசித்தவர்கள் இத்தாலியில் இருந்தார்கள். அங்கும் துணித் தொழில் என்பது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள்தாம். ஏனியா என்ற இத்தாலிய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் 2000களின் தொடக்கத்தில் 'மோடா எம்.எல்.' உருவாயிற்று. விலை கொடுத்து வாங்கவேண்டிய மூடிய மொழியாக அல்லாமல், எக்ஸ்.எம்.எல். என்ற திறந்த வடிவத்தில் நூல் ஆர்டர், துணி ஆர்டர், வெளியே கொடுத்துச் செய்யும் வேலை, தர அறிக்கை போன்றவற்றுக்குப் பொதுப் படிவங்களை அது தந்தது. தொழிற்சாலை வாசலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்காக எழுதிய தரம் அது. பிறகு ஐரோப்பிய ஆணையத்தின் ஆதரவோடு 'இ-பிஸ்' என்ற திட்டம் வந்தது. ஆலைப் பக்கத்துக்கு மோடா எம்.எல்., கடைப் பக்கத்துக்கு யூ.பி.எல். என்ற பொது வணிகப் படிவம் என்று இரண்டையும் அது இணைத்தது. 2013இல் ஐரோப்பியத் தர அமைப்பின் ஒப்பந்த ஆவணமாகவும் வெளியானது.

தொழில் தெரிந்தவர்கள் எழுதிய, காசில்லாமல் கிடைக்கிற தரம். ஆனாலும் உலக வழக்கமாக அது மாறவில்லை. ஒரு தரம் நன்றாக இருப்பதாலேயே பரவிவிடாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம். பெரிய பையர்கள் அதை ஏற்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் கேட்க வேண்டும். இல்லையென்றால் சிறியவர்கள் ஒன்றாக நின்று கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது நடக்காவிட்டால் நல்ல தரம் அலமாரியில்தான் இருக்கும்.

அதற்குள் உலகம் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் எந்தெந்தக் கம்பெனிகளின் ஆடைகள் தைக்கப்பட்டன என்பதைக் கண்டுபிடிக்க, தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் தேட வேண்டியிருந்தது. ஒரு பெட்டி எந்தக் கப்பலில் வருகிறது என்று நிமிடக் கணக்கில் சொல்லக்கூடிய தொழிலில், ஆடையை யார் தைத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. தகவல் இல்லாதது வெறும் நிர்வாகக் குறை அல்ல, அது உயிர் சம்பந்தப்பட்டது என்று அன்று உலகம் கண்டுகொண்டது.

சரக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு யார் செய்தது, எதிலிருந்து செய்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரே தொழிற்சாலை பத்துப் பட்டியல்களில் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும் குழப்பத்தைத் தீர்க்க, 2019இல் ஒரு திறந்த பதிவேடு தொடங்கியது. ஓப்பன் சப்ளை ஹப் என்ற பெயரில் இன்று இயங்கும் அது, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் காசில்லாமல் ஒரு பொது எண் கொடுக்கிறது. 2021இல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஆடை, காலணித் தொழில்களின் தடமறிதலுக்கென்றே 46ஆம் பரிந்துரையை வெளியிட்டது. அமெரிக்காவில் 2022 ஜூன் 21 முதல் உய்கர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சின்ஜியாங் பகுதியின் பஞ்சு ஒரு பொருளில் இருந்தால் அது கட்டாய உழைப்பில் விளைந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. அதனால்தான் பஞ்சு எந்த ஊரில் விளைந்தது, எந்த ஆலையில் நூற்றது என்ற காகிதத்தை அமெரிக்க பையர் உங்களிடம் கேட்கிறார்.

2024 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் இகோ டிசைன் ஒழுங்குமுறை அமலுக்கு வந்தது. பொருள்களுக்கு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வேண்டும் என்று சொல்வது இந்தச் சட்டம்தான். லேபிளில் உள்ள கோடை ஸ்கேன் செய்தால், அந்த ஆடைக்குப் பின்னால் உள்ள விவரங்கள் தெரிய வேண்டும். 2025 ஏப்ரலில் வெளியான பணித்திட்டம் ஆடைகளை முன்னுரிமைப் பட்டியலில் வைத்து, அவற்றுக்கான விதிகளை 2027 வாக்கில் எதிர்பார்க்கலாம் என்கிறது. பாஸ்போர்ட்டின் தகவல்கள் திறந்த தரங்களில், இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும், எந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிடமும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு விதியை நம் ஊர் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களிடம் ஒரு பையர் தன் மூடிய போர்ட்டலைக் காட்டி இதுதான் வழி என்றால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று பதில் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது.

அறுந்த எண்களைக் கோப்பதற்கு நல்ல தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் 'எப்சிஸ்' என்ற தரம் 2007இல் வந்தது. 2022இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெயர் கடினமாக இருந்தாலும் கருத்து எளிது. ஒரு பொருளுக்கு நடந்த ஒவ்வொன்றையும் ஒரு நிகழ்வாகப் பதிய வேண்டும்: எது, எப்போது, எங்கே, எதற்காக. நம் தொழிலுக்கு அதில் மிக முக்கியமானது உருமாற்ற நிகழ்வு. இன்னின்ன லாட்டுகள் உள்ளே போயின, இன்ன லாட் வெளியே வந்தது என்று அது பதியும். பேல்கள் கலந்து நூலாவதையும், ரோல்கள் சேர்ந்து சாய லாட்டாவதையும், துணி பண்டில்களாவதையும் இந்த ஒரே வடிவத்தில் எழுதிவிடலாம். எண் மாறுவதைத் தடுக்க வேண்டியதில்லை. பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே வரியில் இருந்தால் சங்கிலி அறாது.

இப்போது உங்கள் டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்தைத் திறந்து பாருங்கள். யாரிடமிருந்து யாருக்கு, என்ன தேதி, என்ன துணி, எத்தனை கிலோ, எதற்காக: சாயத்துக்கு. எப்சிஸ் கேட்பது ஏறக்குறைய அதைத்தான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது, அதற்கான கணக்கை ஐ.டி.சி.-04 படிவத்தில் கம்பெனிகள் ஏற்கெனவே கொடுத்துவருகின்றன. தடமறிதல் என்பது நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஒழுக்கம் என்று வெளியே பேசுகிறவர்கள் இதைப் பார்த்ததில்லை. திருப்பூர் காலங்காலமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதியது ஒன்றோடொன்று பேசவில்லை, அதுதான் குறை.

பேச வைக்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 2020 அக்டோபர் 1 அன்று இ-இன்வாய்ஸ் வந்தபோது அது 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும்தான். படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள்வரை வந்துவிட்டது. அதன் படிவம் நான் மேலே சொன்ன யூ.பி.எல். வழியில் அமைந்தது. எந்த பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பரவாயில்லை, வெளியே போகும் வடிவம் ஒன்றுதான். ஒரு முறை எழுதிய இன்வாய்ஸிலிருந்தே இ-வே பில்லுக்கான விவரமும் நிரம்பிவிடுகிறது. சிறிய ஊரில் கணக்கு எழுதுகிறவர்கூட இதைப் பழகிக்கொண்டார். படிவம் ஒன்றாக இருந்ததும், அரசு தளம் காசு கேட்காததும், சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததும்தான் காரணம். ஆனால் இன்வாய்ஸ் பணத்தின் கதையைச் சொல்லும். ஜாப் ஒர்க் டி.சி.யில் பயணிக்கும் பொருளின் கதையைச் சொல்லாது. அந்த இடைவெளியில் இன்னும் ஒரு பொதுப் படிவம் இல்லை. நமக்கு மிச்சமிருக்கிற வேலை அதுதான்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தரம் இருந்தால் உண்மை தானாக வந்துவிடாது. 2020 அக்டோபரில், கரிமப் பருத்தி ஆடைகளுக்குச் சான்று தரும் காட்ஸ் அமைப்பு இந்தியாவில் ஒரு பெரிய மோசடியை வெளியிட்டது. சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலிப் பரிவர்த்தனைச் சான்றுகள். அவற்றில் இருந்த கியூஆர் கோடு, அரசுத் தளத்தைப் போலவே அமைத்த போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோனது. படிவம் சரியாக இருந்தது, உள்ளே இருந்தது பொய். ஆகவே பதிவோடு சரிபார்ப்பும் வேண்டும். நல்ல தரம் அதற்கும் உதவும் என்பதே என் நம்பிக்கை. 500 கிலோ துணி சாயத்துக்குப் போனது, 540 கிலோ திரும்பி வந்தது என்று இரண்டு பதிவுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் கேள்வி தானே எழும். தனித்தனிக் காகிதங்களில் அந்தக் கேள்வி எழவே எழாது. சங்கிலியில் உள்ள எல்லோருடைய எடைக் கணக்கும் ஒத்துப்போகும்படி பொய் சொல்வது, ஒரு சான்றை அச்சடிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

நேர்மையாகச் செய்கிறவருக்கு இதில் லாபம் உண்டு. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இந்த ஊர் மறக்காது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் அதுவரை பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பை இந்த ஊர் ஏற்றது. உப்பைப் பிரித்தெடுத்து நீரைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவை ஒவ்வொரு கிலோ துணியிலும் சாயப்பட்டறைகள் சுமக்கின்றன. ஆனால் ஐரோப்பியக் கடையில் தொங்கும் டி-ஷர்ட்டில் அது எங்கே தெரிகிறது? கழிவை ஆற்றில் விடும் ஊரின் டி-ஷர்ட்டும் நம்முடையதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே விலையில் தொங்குகின்றன. சாய லாட் எண் ஆடைவரை வந்து சேர்ந்தால், அந்தத் துணி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் நனைந்தது என்பதும் கூட வரும். நாம் செய்த நல்ல வேலைக்குச் சாட்சி இருக்கும். அதற்கு விலை கேட்கவும் வாய் வரும்.

இத்தனை சொன்ன பிறகும் உங்கள் முதலாளிக்கு ஒரு தயக்கம் இருக்கும். அது நியாயமான தயக்கம். என் நிட்டிங்காரர் யார், பிரிண்டிங் யார் என்று எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு பையர் நேராக அவர்களிடமே போய்விட மாட்டாரா? விலையை உரித்துப் பார்க்க மாட்டாரா? தகவல் கொடுத்தவர் கை வெறுங்கையாவது பல தொழில்களில் நடந்திருக்கிறது. அதனால்தான் தரத்தைப் பற்றிப் பேசும்போதே மூன்று உரிமைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன். முதலாவது, எழுதியவரின் பதிவு எழுதியவருக்கே சொந்தம். ஒரு போர்ட்டலை விட்டு விலகினாலும் தன் பதிவை முழுதாக எடுத்துக்கொண்டு போகும் உரிமை வேண்டும். இரண்டாவது, யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒன்று, சுங்க அதிகாரிக்கு ஒன்று, பையருக்கு ஒன்று என்று வெவ்வேறு பார்வை உரிமைகளை ஐரோப்பியச் சட்டமே ஏற்கிறது. மூன்றாவது, கேட்பவர் செலவில் பங்கு ஏற்க வேண்டும். ஐந்து பையர்கள் ஐந்து விதமாகக் கேட்டால் அந்த ஐந்து விதத்துக்கும் ஆகும் கூலி சப்ளையருடையதாக இருக்கக் கூடாது.

இனி நடைமுறை. உங்கள் கம்பெனியில் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. ஜாப் ஒர்க்கிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு டி.சி.யிலும் புது லாட் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்தப் பழைய லாட்டிலிருந்து வந்தது என்ற எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இது இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் பயன் இல்லை. எடை எப்போதும் கிலோவில், ஜி.எஸ்.எம். என்றால் கிரேயா ஃபினிஷா என்று, நூல் நம்பர் என்றால் எந்த முறை என்று அலகுகளைக் குறிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். உங்களோடு வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஜி.எஸ்.டி. எண், ஓப்பன் சப்ளை ஹப் எண் கொண்ட ஒரு மூலப்பட்டியலை வைத்துக்கொண்டு, எல்லாத் தளங்களுக்கும் அதிலிருந்தே எடுங்கள். சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: என் பதிவுகள் அனைத்தையும் திறந்த வடிவில் வெளியே எடுத்துத் தருவீர்களா? சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அவரை அனுப்பிவிடலாம்.

தனிக் கம்பெனியால் முடியாததும் உண்டு. ஜாப் ஒர்க் டி.சி.க்கு ஊர் முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத பட்டறையிலும் செல்போனில் படம் எடுத்தோ ஸ்கேன் செய்தோ பதியும்படி இருக்க வேண்டும். அதன் அடியில் உள்ள அமைப்பு எப்சிஸ், யூ.பி.எல். போன்ற உலகத் தரங்களோடு பொருந்த வேண்டும். அப்போதுதான் மேலே கேட்கும் எவருக்கும் அதையே மாற்றிக் கொடுக்க முடியும். இதைச் செய்ய வேண்டியவை ஏற்றுமதியாளர் சங்கமும் நிட்டிங், சாயம், பிரிண்டிங் சங்கங்களும்தான். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் செய்யும் ஊர் ஒரே குரலில் ஒரு படிவத்தை முன்வைத்தால் அதை எந்த பையரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. இத்தாலியர்கள் நல்ல தரம் எழுதினார்கள், அதைக் கேட்டு வாங்க ஆள் சேரவில்லை. நம்மிடம் ஆள் இருக்கிறது. இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த ஆர்டருக்கு விவரங்களை அடிக்கும்போது, ஒரே விவரம் எத்தனை தளங்களில், எந்தெந்தப் பெயரில், எந்தெந்த அலகில் கேட்கப்படுகிறது என்று பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பையர் பெயர் வேண்டாம், விலை வேண்டாம். பெட்டிகளின் பெயர் போதும். உங்களைப் போலவே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரையும் எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் சங்கத்திடம் கொடுங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். ஆடைக்கான பாஸ்போர்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது பிரஸ்ஸல்ஸில் இன்னும் எழுதி முடியவில்லை. எழுதுகிறவர்கள் முன்னால் இன்று பெரிய பிராண்டுகளும் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். டி.சி. எழுதுகிறவர்களின் பட்டியலும் அந்த மேசைக்குப் போக வேண்டும். போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்